எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பவர்

மகனுக்குப் பட்டமளிப்பு விழா வருகிறது. கல்லூரியிலிருந்து வந்த விதிமுறைகளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கைப்பை கூடாது. தண்ணீர் பாட்டில் கூடாது. மாணவர் ஒருவருக்கு இரண்டு பேர் மட்டுமே வரலாம். ஒன்பது மணிக்கு அரங்கத்தின் கதவுகள் சாத்தப்படும், அதன் பிறகு யாருக்கும் அனுமதி இல்லை என்று கடைசி வரியில் இருந்தது. அதைப் படித்ததும் கையில் இருந்த காபியைக் குடிக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போன அந்தக் காலை நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் தோன்றுகிறது. அன்று எங்களை ஏற்றிக்கொண்டு போன வேன்காரர் இறந்துவிட்டார் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. வண்டியை விற்றுவிட்டு ஓசூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கேயே முடிந்துவிட்டது. செய்தி கள்ளக்குறிச்சி வந்து சேருவதற்குள் கருமாதி எல்லாம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. பிள்ளைகளுக்கு அவர் வேன் அண்ணா. எனக்கும் அப்படித்தான்.

என் கணவர் குவைத்தில் இருந்தார், இப்போதும் இருக்கிறார். நான் ஒரு கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்தேன். காலையில் இரண்டு பிள்ளைகளைக் கிளப்பி, நானும் கிளம்ப வேண்டும். அப்படியான நாட்களில்தான் வேன் அண்ணா பள்ளி வேனோடு எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தார். மற்ற வேன்கள் தெருமுனையிலேயே ஹாரன் அடிக்கும். பிள்ளை ஓடி வராவிட்டால் இன்னொரு தடவை அடித்துவிட்டுப் போய்விடும். இவர் ஹாரனைத் தொடவே மாட்டார். வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுவார். கீழே இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணியை எடுத்து முன் கண்ணாடியைத் துடைப்பார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கும்.

அவர் மேல் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். மகள் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருப்பாள். அடுத்த தெருவில் ஒரு பையன் சாக்ஸ் தேடுவான், அதற்கடுத்த வீட்டில் ஒரு குழந்தை இட்லியை வாயில் அதக்கிக்கொண்டு நிற்கும். எல்லோருக்கும் இவர் நிற்பார். மகள் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது பிரேயர் முடிந்து, தாமதமாக வந்தவர்கள் வரிசையில் வெயிலில் நிற்பாள். ஒரு நாள் வாசலில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன். சீக்கிரம் வருகிற பிள்ளைக்குத் தண்டனை, லேட்டாக வருகிற பிள்ளைக்கு மரியாதையா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"விட்டுட்டுப் போயிட்டா அது எதுலம்மா வரும்?"

பள்ளிக்கூடத்தில் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு வேறு வேன் வைத்தார்கள். புது வேன் நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போனது. ஒரு மழைக்காலத்தில் பள்ளியை மதியமே விட்டுவிட்டார்கள். புது வேன் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கழிவறையில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தனியாகக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதிருக்கிறது. அந்த வாரமே எங்கள் தெருவில் பாதிப் பேர் தனியாகக் காசு கொடுத்து மறுபடியும் இவர் வேனுக்குப் பிள்ளைகளை மாற்றினோம். பிரேயருக்குத் தாமதமாவது பழகிவிட்டது.

அவர் ஏன் இப்படி என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். சின்ன வயதில் திருக்கோவிலூரில் திருவிழாக் கூட்டத்தில் இவரை விட்டுவிட்டு இவருடைய அப்பா வீடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஒருவர் சொன்னார். அதெல்லாம் ஒன்றுமில்லை, சோம்பேறித்தனம் என்றார் இன்னொருவர். நானே ஒரு முறை கேட்டேன். சிரித்தார்.

"ஓட்டறதுதாம்மா கஷ்டம். நிக்கறதுக்கு இன்னா, அது சொகமாத்தான கீது."

சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் திருக்கோவிலூர் போக அவர் வண்டியைப் பேசியது என் தப்பு. பாதி வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது என் சின்ன நாத்தனார் வளையல் கடைக்குள் போய்விட்டாள். எல்லோரும் வண்டியில் ஏறி உட்கார்ந்தாயிற்று. இவர் எஞ்சினை அணைத்துவிட்டார். ஒரு ஹாரன் அடியுங்கள் என்று பெரியவர்கள் கத்தினார்கள். அது எடுத்துக்கினு இருக்குது, வரும் என்றார். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. பொண்ணுக்கு வளைகாப்புக்காவது நேரத்துக்கு வந்துடுங்க என்று சம்பந்தி வீட்டம்மாள் சொன்னதை என் மாமியார் சாகும் வரை மறக்கவில்லை. வேன்காரரோ பந்தியில் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார்.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விடுதியில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். மயங்கி விழுந்த பிறகு எனக்குப் போன் வந்தது. டெங்கு. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன, உடனே வாருங்கள் என்றார்கள். நான் வெளியே வந்து தெருவில் நின்றேன். யாரைக் கூப்பிட வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் வேன்காரருக்குப் போன் செய்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, நீங்கள் போங்கள் அண்ணே, எத்தனை நாளாகுமோ தெரியாது என்றேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் மருந்து வாங்கக் கீழே வந்தபோது அந்த வேன் வேப்ப மரத்தடியில் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. இரண்டு சவாரியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் கீழே வரும்போதெல்லாம் சாப்பிட ஏதாவது வாங்கி வைத்திருப்பார். எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்ப்பார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்த அன்றைக்குக் கதவைத் திறந்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"சாப்ட்டியா?"

அவள் ம் என்றாள். அவ்வளவுதான். வண்டியை எடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்குப் பட்டமளிப்பு விழா வந்தது. அவளுடைய அப்பாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அவருக்கான பாஸை வேன் அண்ணாவுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று மகள் சொன்னாள். கேட்டு வைக்கிறேன் என்றேன். கேட்டபோது அவர் கூசிப் போனார். நான் இன்னாத்துக்கு, ஓட்டிக்கினு வந்து வெளியே நிற்கிறேன் என்றார். மகள் அவரிடமே போனில் பேசி, நீங்கள் உள்ளே வரவில்லை என்றால் நான் மேடை ஏற மாட்டேன் என்று மிரட்டினாள்.

அதன் பிறகு அவர் செய்த ஏற்பாடுகளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. தினமும் ஒரு சந்தேகத்தோடு வாசலில் நிற்பார். வேட்டி கட்டலாமா, பேன்ட்தான் போட வேண்டுமா? செருப்பு விடுவார்களா? பெயர் சொல்லும்போது கை தட்டலாமா, தட்டினால் வெளியே அனுப்பிவிடுவார்களா? வெள்ளைச் சட்டை ஒன்று தைத்தார். கறுப்பு ஷூ வாங்கினார். அது காலைக் கடித்தது, ஆனாலும் பழக வேண்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். முந்தின நாள் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்தார். நெற்றியிலும் காதோரத்திலும் கறுப்பு ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் கொடுத்துத் துடைக்கச் சொன்னேன். நானும் குறைந்தவள் இல்லை. பட்டுப் புடவைக்கு ஜாக்கெட் சரியில்லை என்று இரண்டு முறை பிரித்துத் தைக்க வைத்தேன். அந்த ஆஸ்பத்திரிப் படுக்கையில் மூக்கிலிருந்து ரத்தம் கசியக் கிடந்த பிள்ளை, அங்கி போட்டுக்கொண்டு மேடையில் நடப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மகளின் அறைத்தோழி ஒருத்தி கல்வராயன் மலையைச் சேர்ந்தவள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் உள்ள கிராமம். அவளுடைய அப்பா அம்மாவும் எங்களோடு வருவதாக ஏற்பாடு. பெண்கள் இருவரும் ஒத்திகைக்காக முதல் நாளே போய் விடுதியில் தங்கிவிட்டார்கள். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி, விடியற்காலை ஆறு மணிக்குக் கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் அவர்கள் நிற்க வேண்டும். நாங்கள் போய் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஆறு மணிக்கு நாங்கள் அங்கே இருந்தோம். அவர்கள் இல்லை. ஒரு ஜீப் இறங்கி வந்தது, அதிலும் இல்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலையில் சில இடங்களில்தான் சிக்னல் இருக்கும். அவர் எஞ்சினை அணைத்தார். இறங்கினார். துணியை எடுத்தார். கண்ணாடியில் வழிந்த பனியை அந்த ஷூக்காலோடு நொண்டி நொண்டித் துடைப்பதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

பால் வண்டி போனது. டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் போனார்கள். வெயில் வந்துவிட்டது. என் புடவை மடிப்பெல்லாம் வேர்வையில் நனைந்தது.

"அண்ணே, போலாம். அவங்க பஸ் புடிச்சி வந்துடுவாங்க."

"பஸ்ல வந்தா கதவு சாத்திடுவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

"இப்படியே நின்னா நமக்கும் சாத்திடுவாங்க."

"சாத்தட்டும்மா. சாத்துனா எல்லாருக்கும் ஒண்ணாத்தான சாத்தணும்."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் கத்த வேண்டும் போல் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பேன். வேப்ப மரத்தடியில் நின்ற வண்டி கண்ணுக்குள் வந்து வாயை அடைத்தது. அவருடைய சட்டைப் பையில் அந்த பாஸ் வெளியே தெரிகிறபடி இருந்தது. மடிந்துவிடக் கூடாது என்று பின்னால் ஒரு அட்டை வைத்திருந்தார். அவரும்தான் ஆசைப்பட்டு நிற்கிறார். ஆனாலும் எஞ்சினைத் தொடவில்லை.

கடைசியில் ஒரு ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு இருவரும் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் கையில் ஒரு துணி மூட்டை. பலாச்சுளையின் வாசம் வந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று நான்தான் கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள்தான் பதில் சொன்னாள்.

"பூ வுழலம்மா. வெள்ளன எழுந்து குலசாமிகிட்ட பூ கேட்டோம். பொண்ணு மேடை ஏறப் போவுது, உத்தரவு வேணுமில்ல? வெச்ச பூ வெச்ச மாரியே ஒட்டிக்கினு கீது. வுழாம எப்புடி வண்டி ஏறுறது?"

சாமி தலையில் ஈரப் பூவை வைத்து, அது வலப்பக்கம் விழும் வரை காத்திருந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. வேன்காரர் நிதானமாகக் கேட்டார்.

"இப்ப வுழுந்துச்சில்ல?"

"வுழுந்துச்சுங்க. சோத்துக்கைப் பக்கமே வுழுந்துச்சு."

"அப்ப ஏறுங்க."

அன்றைக்கு அவர் ஓட்டிய வேகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. சின்னசேலம் தாண்டி நெடுஞ்சாலை ஏறியதும் லாரிகளை ஒவ்வொன்றாகத் தாண்டினார். பின்னால் அந்த அம்மாள் மூட்டையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனாலும் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது தாண்டியிருந்தது. அரங்கத்தின் பெரிய கதவு சாத்தியிருந்தது.

ஆனால் விழா தொடங்கவில்லை. தலைமை விருந்தினர் இன்னும் வரவில்லை என்றார்கள். உள்ளே எல்லோரும் அங்கியோடு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். அவர் வந்தால்தான் எதுவும் நடக்கும். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அதே நேரம் ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து எங்கள் வேனைத் தட்டினார். கார்கள் வரப் போகின்றன, இந்த ரோட்டில் ஒரு வண்டி நிற்கக் கூடாது, எடு எடு என்று விரட்டினார். எங்களை இறக்கிவிட்டு வேன்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நிறுத்த இடம் தேடி வண்டி வளைவில் திரும்பி மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது மறைந்த கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டுச் சிறிய கேட் திறந்தது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு இளம் பேராசிரியை எட்டிப் பார்த்தாள். வெளியே நின்ற எங்களைப் பார்த்து மனம் இரங்கியிருக்க வேண்டும். பாஸ் இருப்பவர்கள் இப்போதே வாருங்கள், கார் வந்துவிட்டால் பிறகு நானே நினைத்தாலும் முடியாது என்றாள். மலைக்காரர்கள் இருவரையும் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினேன். மூட்டையைக் கேட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். அந்த அம்மாள் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

"நீங்க வாங்கம்மா."

"இன்னொருத்தர் வராருங்க. வண்டி நிறுத்தப் போயிருக்காரு."

"உங்க வீட்டுக்காரரா?"

"இல்லைங்க. எங்க வேன் டிரைவர்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தூரத்தில் சைரன் கேட்டது. அவள் கேட்டைப் பாதி சாத்திக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். ஒரு அடி வைத்தால் நான் உள்ளே. அந்த அடியை வைக்கவில்லை. நினைத்துத் தீர்மானித்து நின்றேன் என்று சொல்ல முடியாது. இவ்வளவு தூரம் வந்த பிறகு அவர் ஓடி வந்து, சாத்தின கதவுக்கு முன்னால் தனியாக நிற்பார் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. கால் எழவில்லை. கேட் சாத்தப்பட்டது. கார்கள் வந்தன, போயின.

மேடையிலிருந்து மகள் எங்கள் வரிசையைத் தேடியிருக்கிறாள். தோழியின் அப்பா அம்மா இருந்தார்கள், பக்கத்தில் இரண்டு நாற்காலி காலி. உங்கள் இருவருக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, கையில் பட்டத்தை வாங்கும்போது எனக்கு எதுவுமே தெரியவில்லை என்று சாயங்காலம் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கோபித்துக்கொண்டாள். குவைத்திலிருந்து அவள் அப்பா கேட்டார், ஒரு டிரைவருக்காகவா பெற்ற பெண் பட்டம் வாங்குவதைப் பார்க்காமல் ரோட்டில் நின்றாய் என்று.

கார்கள் போன பிறகுதான் வேன்காரர் வந்தார். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சாக்ஸ் காலோடு தார் ரோட்டில் ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சாத்திய கேட்டைப் பார்த்தார். பிறகு என்னை.

"அவங்க?"

"உள்ள போயிட்டாங்க."

"நீங்க இன்னாத்துக்கு இங்க நிக்கறீங்க?"

அத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கு உயர்த்தினார்.

"உங்களுக்கு அறிவு கீதாம்மா? யாரு உங்கள நிக்கச் சொன்னது? நான் சொன்னனா? புள்ளயப் பெத்தவங்க நீங்க. எனக்காவ ஏன் நிக்கறீங்க?"

ஷூவைக் கீழே போட்டார். அவர் அப்படிக் கலங்கி நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட இல்லை. தன்னை யாராவது விட்டுவிட்டுப் போனால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். தனக்காக ஒருத்தி நின்றதை அவரால் தாங்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்துப் பார்த்தார். மறுபடி அதே அட்டையோடு உள்ளே வைத்தார்.

மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் தமிழ்த்தாய் வாழ்த்து கேட்டது. இருவரும் அசையாமல் நின்றோம். பிறகு உரைகள். நீளமான உரைகள். நடைபாதைத் திண்டில் உட்கார்ந்தோம். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. துறை துறையாகப் பெயர் படிக்க ஆரம்பித்தார்கள். மகளுடைய துறையின் பெயர் வந்ததும் நான் அவர் கையைத் தட்டினேன். அவர் அவசரமாக ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டு எழுந்தார். மகளின் பெயர் வந்தது. ஒரு மூச்சில் சொல்லி அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

"இவ்ளோதானாம்மா?"

"இவ்ளோதான்."

அவர் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். டீ குடிக்கலாமா அண்ணே, தொண்டை வறண்டு போச்சு என்றேன்.

"மலைக்காரப் பொண்ணு பேரு வந்துடுச்சா?"

"இல்ல. அது இன்னும் வரணும்."

"அப்ப நில்லுங்க" என்றார்.